கடலுக்குள்ளே கல் கட்டுபவர்கள்: வாசகர் கேள்வியும் விடையும்

முருகைக்கல் என்று நம் கடற்கரையில் சொல்வதும் பவளப்பாறை என்று புத்தகங்களில் எழுதுவதும் ஒன்றே. அந்தக் கல் எப்படி உண்டாகிறது, அதைப்போல வேறு எந்தக் கடல் உயிர்கள் ஓடும் முள்ளும் கட்டிக்கொள்கின்றன என்று திருகோணமலை வாசகர்கள் கேட்டவற்றை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். மாணவி ஒருவரின் கேள்வியை முதலில் வைத்திருக்கிறோம். அதற்கான விடை மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால் சற்று நீளமாகவே எழுதியிருக்கிறோம்.

கேள்வி: "முருகைப் பொலிப்புகள் கல்சியம் காபனேற்றைச் சுரக்கின்றன" என்று ஒரே வரியில் படித்தோம். எப்படிச் சுரக்கின்றன?
(உயர்தர உயிரியல் மாணவி, உப்புவெளி)

பொலிப்பு என்பது முருகைக்கல்லைக் கட்டும் சிறு விலங்கு, கல்சியம் காபனேற்று என்பது அந்தக் கல்லின் சுண்ணாம்புப் பொருள். அந்த வரியில் "சுரத்தல்" என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. உமிழ்நீர் சுரப்பதுபோல முருகை தன் உடலுக்குள் கல்லை ஆக்கி வெளியே தள்ளுவதில்லை. கல் வளரும் இடம் முருகையின் உடலுக்கு வெளியேதான் இருக்கிறது, ஆனால் அங்கே கடல்நீர் தாராளமாக வந்துபோவதும் இல்லை. உடலின் அடிப்பக்கத்துக்கும் பழைய கல்லுக்கும் இடையே, கண்ணால் காண முடியாத அளவு மெல்லிய ஓர் இடைவெளி உண்டு. பல இடங்களில் அதன் தடிப்பு ஒரு மைக்ரோமீற்றரைக்கூட எட்டாது. அந்த மூடிய அறைக்குள்தான் கல் உண்டாகிறது.

பொலிப்பின் உடலை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். கடலைத் தொடும் புறப்படை முதலில் வரும். அதன் கீழே உட்படை, அதன் கலங்களுக்குள் பழுப்பு நிற ஒற்றைக்கல அல்காக்கள் குடியிருக்கும். ஒரு சதுர சென்ரிமீற்றரில் அவை பத்து இலட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அடுத்தது வயிற்றறை. அதன் அடியில் மீண்டும் ஓர் உட்படை. கடைசியாக, கல்லின்மேல் நேரடியாகப் படிந்திருக்கும் மெல்லிய படை. இதைக் கல்லாக்கும் படை என்று சொல்லலாம், முழுக் கட்டட வேலைக்கும் பொறுப்பு இதுதான்.

இந்தப் படை மூன்று வேலைகளைச் செய்கிறது. ஒன்று, அறைக்குள் கல்சியத்தைச் சேர்ப்பது. கல்சியத்தின் ஒரு பகுதி கடல்நீரோடு கலங்களுக்கிடையே கசிந்து வருகிறது, மீதியைக் கலச்சவ்வில் உள்ள புரதப் பம்பிகள் தள்ளுகின்றன. இந்தப் பம்பி ஒரு கல்சியம் அயனை அறைக்குள் அனுப்பும்போது இரண்டு ஐதரசன் அயன்களை வெளியே எடுத்துவிடுகிறது. இரண்டாவது வேலை அதனுள்ளேயே அடங்கியிருக்கிறது: ஐதரசன் அயன் வெளியேற வெளியேற அறைக்குள் அமிலத்தன்மை குறைகிறது. அமிலம் குறையக் குறைய உயரும் அளவுகோல் பிஎச். வெளிக்கடலின் பிஎச் ஏறத்தாழ 8.1. அறைக்குள் அது பொதுவாக 0.3 முதல் 0.6 அலகு வரை உயர்ந்திருக்கும். 0.3 என்பது சிறிய எண்போலத் தெரியும், ஆனால் பிஎச் மடக்கை அளவு என்பதால் ஐதரசன் அயன் பாதியாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். கடல்நீரில் காபன் பெரும்பாலும் இருகாபனேற்று அயனாகவே இருக்கிறது. அமிலம் குறையும்போது அது காபனேற்று அயனாக மாறும். கல்சியமும் காபனேற்றும் நெருக்கமாகக் கூடியதும் பளிங்காகும். அந்தப் பளிங்கு அரகனைற்று என்ற வகை.

பளிங்காகும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ஐதரசன் அயன் பிறக்கிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் வேலை தானாகவே நின்றுவிடும். பரீட்சையில் பெரும்பாலோர் எழுதாமல் விடும் இடம் இது. முருகைக்கு உண்மையில் செலவு வைப்பது கல்சியம் தேடுவதல்ல, அமிலத்தை வெளியேற்றுவதுதான்.

மூன்றாவது வேலை சாரம் கட்டுவது. கல்லாக்கும் படை அசுபாட்டிக் அமிலம் நிறைந்த புரதங்களையும் பல்சக்கரைட்டுகளையும் அறைக்குள் விடுகிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட அந்தப் புரதங்கள் கல்சியத்தைப் பிடித்துவைத்து, பளிங்கு எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கின்றன. கல்லின் எடையில் இந்தச் சேதனப்பொருள் ஓரிரு வீதத்துக்கு மேல் போவது அரிது. ஆனாலும் அது இல்லையென்றால் மான்கொம்பு வடிவமும் மூளை வடிவமும் உண்டாகாது. அண்மை ஆண்டுகளில் இன்னொன்றும் தெரியவந்திருக்கிறது: பளிங்காகாத கல்சியம் காபனேற்றுச் சிறுமணிகள் முருகையின் இழையத்துக்குள்ளேயே காணப்படுகின்றன. அவை அறைக்குள் வந்து ஒட்டியபின் பளிங்காகின்றன. எனவே "அயன் அயனாகச் சேர்கிறது", "மணி மணியாக ஒட்டுகிறது" என்ற இரு வழிகளையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு இதில் என்ன பங்கு என்றும் கேட்டிருந்தீர்கள். பகலில் கல் சேரும் வேகம் இருளில் சேர்வதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அல்காக்கள் ஒளித்தொகுப்பில் ஆக்கும் உணவின் பெரும்பகுதி முருகைக்குப் போகிறது. அந்தச் சக்தியால்தான் பம்பிகள் ஓடுகின்றன. ஒளித்தொகுப்பு காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் உடலுக்குள் அமிலம் குறைவதும் கூடுதல் உதவி.

கேள்வி: கடல்தண்ணியிலேயே சுண்ணாம்பு இருக்குதென்றால் எங்கட வலையிலயும் வள்ளத்திலயும் அது ஏன் தானாகப் படியிறதில்லை?
(கடற்றொழிலாளர், கிண்ணியா)

மிகச் சரியான கேள்வி. வெப்பக்கடலின் மேற்பரப்பு நீரில் அரகனைற்று படிவதற்குத் தேவையான அளவைப்போல மூன்று நான்கு மடங்கு அயன்கள் இருக்கின்றன. கணக்குப்படி பார்த்தால் படியத்தான் வேண்டும். படியாமல் தடுப்பவற்றில் முதன்மையானது மக்னீசியம். கடல்நீரில் ஒரு கல்சியம் அயனுக்கு ஐந்து மக்னீசியம் அயன் இருக்கின்றன. அவை தம்மைச் சுற்றித் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொண்டு, உருவாகப் பார்க்கும் பளிங்கின் முகத்தில் போய் ஒட்டி வளர்ச்சியைக் கெடுக்கின்றன. பொசுபேற்றும் கரைந்த சேதனப்பொருள்களும் அதே வேலையைச் செய்கின்றன. கல்சைற்று என்ற பளிங்கு வகையை மக்னீசியம் மிகவும் தடுக்கும், அரகனைற்றை அவ்வளவாகத் தடுக்காது. கடலில் முருகையும் சங்கும் அரகனைற்றால் ஆனதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை படிவதைப் பார்த்திருப்பீர்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைக்கும்போது காபனீரொட்சைட்டு பறந்து அமிலம் குறைகிறது, சுண்ணாம்பு படிகிறது. வெளியிணைப்பு எஞ்சினின் குளிரூட்டும் குழாயில் படை கட்டுவதிலும் சூட்டுக்குப் பங்கு உண்டு. முருகை அதே அமிலக் குறைப்பைச் சூடு இல்லாமல் பம்பியால் செய்துகொள்கிறது.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டால் அதன் உழைப்பு விளங்கும். ஒரு லீற்றர் கடல்நீரில் கல்சியம் ஏறத்தாழ 0.4 கிராம். ஒரு கிலோ முருகைக்கல்லில் 400 கிராம் கல்சியம் உண்டு. ஆக, வீட்டுக்கூரையில் வைக்கும் 1000 லீற்றர் தாங்கி நிறையக் கடல்நீரை ஒரு துளி கல்சியமும் மிஞ்சாமல் உறிஞ்சினால்தான் ஒரு கிலோ கல் கிடைக்கும். காபனை மட்டும் கடல்நீரிலிருந்தே எடுப்பதென்றால் அப்படி ஐந்து தாங்கி தேவை. அதனால்தான் தன் சொந்தச் சுவாசத்தில் வரும் காபனீரொட்சைட்டையும் முருகை வீணாக்காமல் கல்லாக்குகிறது. நீரோட்டம் நல்ல இடங்களில் பார் (முருகைக்கல் திட்டு) செழிப்பாக இருப்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் வள்ளத்தின் அடியில் ஒட்டிக் கையையும் காலையும் கிழிக்கிற கூம்பு ஓடுகள் தானாகப் படிந்தவை அல்ல. அவை இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த விலங்கு கட்டிய வீடுகள்.

கேள்வி: புறாத்தீவில் உடைந்து கிடக்கும் கிளை முருகைகளை எடுத்துத் திரும்ப நட்டால் வளருமா? எவ்வளவு காலம் எடுக்கும்?
(சுற்றுலா வள்ளம் ஓட்டுபவர், நிலாவெளி)

வளரும். ஆனால் நீங்களாகச் செய்ய முடியாது. புறாத்தீவு 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே உயிருள்ளதோ இறந்ததோ, ஒரு துண்டைத் தொட்டு நகர்த்தவும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பூங்காவுக்கு வெளியேயும் கல் கட்டும் வன்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அனுமதியோடு நடக்கும் வேலையில் கைகொடுக்க அழைக்கப்பட்டால் பின்வருவன உதவும்.

கிளை முருகை நல்ல இடத்தில் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் அளவில் நீளும். உருண்டைக் கல் முருகை ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான் தடிக்கும். ஆகவே நடுவதற்குப் பெரும்பாலும் கிளை வகையையே எடுப்பார்கள். துண்டு 5 முதல் 10 சென்ரிமீற்றர் இருக்கட்டும். அதைவிடச் சிறிதானால் பாசி மூடிவிடும். நிறம் முழுமையாக உள்ள துண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளைப் பகுதி இருந்தால் உயிருள்ள இடத்துக்குச் சற்று உள்ளே நறுக்கி எறிந்துவிட வேண்டும்.

நடுவதில் பிழைப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: துண்டு ஆடுகிறது. முருகை தன் அடியில் இழையத்தைப் பரப்பி, பாறைமேல் புதுக் கல்லை வார்த்துத் தன்னை ஒட்டிக்கொள்ளும். முன்னே சொன்ன மூடிய அறை அந்த விளிம்பில்தான் உருவாக வேண்டும். ஒவ்வொரு அலைக்கும் துண்டு ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் விளிம்பு கிழிந்துகொண்டே இருக்கும். சீமெந்தோ நீருக்கடியில் இறுகும் பசையோ கொண்டு அசையாமல் பொருத்துங்கள். அதற்குமுன் பாறையின் அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் பாசி போகத் தேய்த்துவிடுங்கள். சரியாகப் பொருந்திய துண்டின் இழையம் சில வாரங்களில் அடிப்பக்கம் படரத் தொடங்கும்.

காலமும் முக்கியம். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் கடல்நீர் மிகச் சூடாகும், அப்போது வெட்டுக்காயத்தைத் தாங்க முருகைக்குத் தெம்பு இராது. மார்கழி, தையில் வாடைக்காற்று அலையடித்துப் பிடுங்கிவிடும். சூடு தணிந்தபின் தென்மேற்குக் கச்சான் காற்றுக் காலத்தில் நட்டு, வாடை தொடங்குமுன் அது வேர்கொள்ள விடுவதே சரி.

இன்னொன்று. வெடி போட்டு உடைந்த பாரில் கிடக்கும் சரளைமேல் நடாதீர்கள். சரளை புரண்டுகொண்டே இருப்பதால் அதில் முருகைக் குடம்பியும் ஒட்டாது, நட்ட துண்டும் நில்லாது. வெடி விழுந்த இடம் பல பத்து ஆண்டு கழிந்தும் வெறும் சரளைக் குவியலாகவே கிடப்பதற்கு இதுதான் காரணம். முதலில் சரளையை நிலைப்படுத்த வேண்டும். அது பெரிய வேலை, பெரும் செலவு. உங்கள் வள்ளத்தில் வருபவர்களை முருகைமேல் கால் ஊன்றாமல் பார்த்துக்கொள்வதும், நங்கூரத்தை மணலில் மட்டுமே இறக்குவதும் நூறு துண்டு நடுவதைவிடப் பயன் தரும்.

கேள்வி: வெளிறிய முருகை செத்ததா, உயிரோடு இருக்கிறதா? பார்த்தே சொல்ல முடியுமா?
(சுழியோடி, நிலாவெளி)

முடியும். நீர் சூடாகி அல்காக்கள் வெளியேறியதும் இழையம் கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் வெள்ளைக் கல் தெரிகிறது. முருகை அப்போதும் உயிரோடுதான் இருக்கும். கிட்டப் போய்ப் பாருங்கள்: மேற்பரப்பு வழுவழுப்பாக, சுத்தமான வெள்ளையாக, சிறு பொலிப்புகள் தெரிந்தால் உயிருண்டு. பச்சையோ பழுப்போ ஆன பாசி மயிர்போல் முளைத்திருந்தால் அந்த இடம் இறந்துவிட்டது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடி, அது நாலு வாரம் நீடித்தாலே வெளிறல் தொடங்கலாம். எட்டு வாரம் நீடித்தால் பெருமளவில் சாகும். 1998இல் நாட்டின் தெற்கிலும் மேற்கிலும் ஆழமற்ற பார்கள் பெரும்பாலும் அழிந்தபோது திருகோணமலைப் பக்கம் தப்பியது. அந்தத் தப்பித்தலை நிரந்தரம் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: முந்தி முருகைக்கல்லைச் சுட்டுத்தானே வீட்டுக்குச் சுண்ணாம்பு எடுத்தோம். இப்போது ஏன் இவ்வளவு கட்டுப்பாடு?
(ஓய்வுபெற்ற மேசன், மூதூர்)

கணக்காகவே சொல்கிறோம், ஐயா. சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவு சூட்டில் 100 கிலோ முருகைக்கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பைத் தரும். மீதி 44 கிலோ காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். 56 கிலோவைத் தண்ணீர் விட்டு நீற்றினால் 74 கிலோ நீறிய சுண்ணாம்பு. இது முற்றாகச் சுத்தமான கல்லுக்கான அளவு, சூளையில் கிடைப்பது இன்னும் குறைவு.

அந்த 100 கிலோவை ஒரே உருண்டைக் கல்லாக எடுத்தால் அதன் கனவளவு ஏறத்தாழ 77 லீற்றர். அரைக்கோளமாக வளர்ந்திருந்தால் ஆரை 33 சென்ரிமீற்றர் வரும். ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் 33 ஆண்டு வளர்ச்சி. ஓரிரு நாளில் சூளையில் போய்விடும். அந்தக் கல் நின்ற இடத்தில் அலை தடுக்கப்பட்டது, கல்மீனும் கலவாயும் குடியிருந்தன. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடுத்ததன் நியாயம் இதுதான். சுண்ணாம்பு வேலை தேவைப்பட்டால் உள்நாட்டுச் சுண்ணக்கல்லைச் சுட்டதை வாங்குங்கள். இரசாயனப்படி இரண்டும் ஒன்றே, பூச்சில் எந்தக் குறையும் வராது.

கேள்வி: தம்பலகாமக் குடாவில் கிடைக்கும் தட்டையான சிப்பியை வெயிலில் பிடித்தால் கண்ணாடிபோல் ஒளி வருகிறது. மற்றச் சிப்பிகள் ஏன் அப்படி இல்லை?
(ஆசிரியர், தம்பலகாமம்)

உங்கள் குடாவின் மிக அருமையான செல்வம் அது. பிளக்கூனா பிளசென்ரா என்பது அதன் விஞ்ஞானப் பெயர். அதன் முத்துக்காகத் தம்பலகாமத்தில் முன்பு குளிப்பு நடந்தது. 1906இல் கடலுயிரியலாளர் ஜேம்ஸ் ஹோர்னெல் அதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். வேறு நாடுகளில் இந்த ஓட்டைச் சதுரமாக வெட்டி யன்னலில் கண்ணாடிக்குப் பதிலாகப் பொருத்தினார்கள்.

சிப்பி, சங்கு, மட்டி எல்லாமே போர்வை என்ற மெல்லிய தோலால் ஓட்டைக் கட்டுகின்றன. போர்வையின் விளிம்பு முதலில் புரதத்தாலான மேற்தோலை இழுத்து விரிக்கும். அந்தத் தோலுக்கும் போர்வைக்கும் இடையே ஒரு மூடிய திரவ அறை. முருகையில் கண்டதே இங்கும்: அறை, அமிலம் அகற்றல், புரதச் சாரம். வேறுபாடு கட்டுமானத்தில் இருக்கிறது. முத்துச்சிப்பியின் உட்புறப் பளபளப்பு அரை மைக்ரோமீற்றர் தடிப்புள்ள அரகனைற்றுத் தட்டுகள், நடுவே புரதச் சாந்து என்று செங்கல் சுவர்போல் அடுக்கியது. ஒளி ஒவ்வொரு தட்டிலும் பட்டுத் திரும்புவதால் வானவில் நிறம் வருகிறது.

உங்கள் சிப்பி அரகனைற்றால் ஆனதல்ல. அது 99 வீதம் கல்சைற்று. ஏறத்தாழ 0.3 மைக்ரோமீற்றர் தடிப்புள்ள நீளத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, கிட்டத்தட்ட ஒரே திசையில் படுத்திருக்கின்றன. இடையே உள்ள சேதனப்பொருள் ஒரு வீதம் மட்டுமே. ஒளி சிதறுவது திசை மாறும் எல்லைகளிலும் வெற்றிடங்களிலும்தான். இங்கே அவை இரண்டும் குறைவு, ஆகவே ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு கடந்துவருகிறது. ஊசியால் குத்தினால் சாதாரணக் கல்சைற்றுப் பளிங்கு பிளந்துபோகும். இந்த ஓட்டில் குத்திய இடத்தைச் சுற்றிச் சிறு பகுதி மட்டும் சேதமாகி, பிளவு பரவாமல் நின்றுவிடும். 2014இல் வெளியான ஆய்வு ஒன்று இதை விளக்கியபின், ஒளிபுகும் கவசம் செய்பவர்கள் இந்த ஓட்டை மாதிரியாக எடுத்துப் படிக்கிறார்கள். வகுப்பில் ஓர் ஓட்டைக் கையில் கொடுத்து இதைச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

முத்து பற்றியும் ஒரு திருத்தம். மணல் புகுந்தால் முத்து வரும் என்பது பெரும்பாலும் சரியல்ல. ஒட்டுண்ணியோ காயமோ போர்வையின் கலங்களை உள்ளே தள்ளிவிடும்போது அவை ஒரு பையாகி, ஓடு கட்டும் அதே வேலையைத் தம்மைச் சுற்றித் தொடர்கின்றன. ஓட்டுக்கும் முத்துக்கும் பொருள் ஒன்றே.

கேள்வி: கரையில் பொறுக்கும் வெள்ளைத் துண்டுகளில் எது முருகை, எது வெறும் கல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, சாம்பல்தீவு)

ஒரு சொட்டு வினாகிரி போதும். காபனேற்றானால் நுரைக்கும். நம் கரை மணலில் பெரும்பகுதி படிகக்கல் மணல், அது நுரைக்காது. புறாத்தீவின் சிறு கரையில் கிடப்பவை பெரும்பாலும் முருகைச் சரளை. கல் பழையதாக, பாசி படிந்ததாக இருந்தால் சுரண்டிவிட்டுச் சொட்டு விடுங்கள். கணவாய் ஓடும் நுரைக்கும், அதுவும் அரகனைற்றே. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெற்றிடம், மெல்லிய மாடிகள், நடுவே தூண்கள். அந்த மாடிகளில் உள்ள நீரை வெளியேற்றியும் உள்ளே எடுத்தும் கணவாய் மிதக்கிறது. அரகனைற்றா கல்சைற்றா என்று வினாகிரியால் பிரிக்க முடியாது. பாடசாலை ஆய்வுகூடத்தில் தூளைக் கோபாற்று நைத்திரேற்றுக் கரைசலில் சில நிமிடம் கொதிக்கவைத்தால் அரகனைற்று ஊதாவாகும், கல்சைற்று வெளுப்பாகவே இருக்கும். கோபாற்று நஞ்சு என்பதால் ஆசிரியர் துணையோடு மட்டும் செய்யுங்கள். பார்த்தபின் துண்டுகளைக் கரையிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலில் கடல் முள்ளி குத்தினால் முள் ஏன் பொடிப்பொடியாக உடைகிறது? வினாகிரி வேலை செய்யுமா?
(கடற்றொழிலாளர், மூதூர்)

கறுப்பு நீள முள் ஒவ்வொன்றும் மக்னீசியம் கலந்த கல்சைற்று. எக்ஸ் கதிரில் பார்த்தால் முழு முள்ளும் ஒரே பளிங்குபோல் நடந்துகொள்ளும், ஆனால் உள்ளே கடற்பஞ்சுபோல் துளை நிறைந்தது. கலங்கள் பளிங்காகாத சுண்ணாம்பை முதலில் வார்த்து, பிறகு அதைப் பளிங்காக்குவதால்தான் இப்படி வளைந்த வடிவில் பளிங்கைச் செய்ய முடிகிறது. கறுப்பு முள்ளியின் முள் உட்குழிவானது, மெல்லியது. அதனால் காலுக்குள் நொறுங்குகிறது.

வெளியே தெரியும் முனையை நேராக இழுத்து எடுங்கள். தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை வைத்தால் வலி குறையும். மேலோட்டமாக உள்ள துண்டுகளை வினாகிரியில் ஊறவைத்துக் கரைக்கலாம், ஏனென்றால் அது சுண்ணாம்பு. ஆழத்தில் உள்ளதை வினாகிரி எட்டாது, ஊசியால் கிளறவும் வேண்டாம். கரிய நிறம் சாயத்தால் மட்டும் வந்ததானால் இரண்டு மூன்று நாளில் மறையும். மறையாவிட்டால் முள் உள்ளே இருக்கிறது. மூட்டருகில் குத்தியிருந்தாலோ வீக்கம் கூடினாலோ வைத்தியசாலைக்குப் போங்கள், ஏற்புவலித் தடுப்பூசியையும் கேளுங்கள்.

கேள்வி: கடலட்டைக்கு எலும்போ ஓடோ இல்லையே?
(மாணவன், கிண்ணியா)

உண்டு. தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத கல்சைற்றுத் துண்டுகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. பொத்தான், மேசை, சக்கரம், கோல் என்று இனத்துக்கு இனம் வடிவம் மாறும். காய்ந்த அட்டை எந்த இனம் என்று அடையாளம் காண விஞ்ஞானிகள் பார்ப்பது இதைத்தான். 5 மில்லிமீற்றர் சதுரத் தோலைச் சிறு குப்பியில் இட்டு, வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தை ஊற்றி 20 நிமிடம் வையுங்கள். தோல் கரைந்து அடியில் வெள்ளைத் தூள் தங்கும். நீரை மெதுவாக வடித்து, நல்ல தண்ணீரால் மூன்று நான்கு முறை கழுவி, நுணுக்குக்காட்டியில் 100 மடங்கில் பாருங்கள். கழுவாமல் விட்டால் உப்புப் பளிங்கு கலந்து ஏமாற்றும். அட்டை வினாகிரியிலோ பழைய போமலினிலோ கிடந்திருந்தால் துண்டுகள் கரைந்துபோயிருக்கும். வெளுக்கும் திரவத்தோடு வினாகிரியை ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுக் குளோரின் வாயு வரும்.

கேள்வி: முருகை காபனைக் கல்லாக்குவதால் புவி வெப்பமடைவது குறையுமா? மக்னீசியத்தின் தடையை வகுப்பில் காட்ட முடியுமா?
(இரசாயனவியல் ஆசிரியை, திருகோணமலை நகர்)

குறையாது. இரண்டு இருகாபனேற்று அயன்களில் ஒன்று கல்லாகும், மற்றது காபனீரொட்சைட்டாகும். கடல்நீரின் தாங்கற்றன்மை (அமில மாற்றத்தை எதிர்க்கும் இயல்பு) அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதால் ஒரு மூல் கல்லுக்கு ஏறத்தாழ 0.6 மூல் வெளியே வருகிறது. மறுபுறம், நாம் வெளியிடும் காபனீரொட்சைட்டு கடலில் கரைந்து அதன் பிஎச்சை கைத்தொழிற் புரட்சிக்கு முன்பிருந்ததைவிட 0.1 அலகு இறக்கிவிட்டது. முருகையின் பம்பிகள் இப்போது கூடுதலான அமிலத்தை எதிர்த்து உழைக்க வேண்டியிருக்கிறது. நீளம் குறையாமல் அடர்த்தி குறைந்த கல் உண்டாவது இதன் விளைவுகளில் ஒன்று. வெளியே பார்த்தால் நலமாகத் தெரியும், ஆனால் அலைக்கும் துளைக்கும் உயிர்களுக்கும் எளிதில் இடங்கொடுக்கும்.

பரிசோதனைக்கு: ஈரைதரேற்று வடிவிலான கல்சியம் குளோரைட்டு 1.47 கிராமை 100 மில்லிலீற்றர் காய்ச்சிவடித்த நீரில் கரையுங்கள். வேறு 100 மில்லிலீற்றரில் நீரற்ற சோடியம் காபனேற்று 1.06 கிராம். இரண்டையும் கலந்தால் இழுதுபோன்ற வெள்ளை உடனே தோன்றி, சில நிமிடங்களில் மணியாகி அடியில் இறங்கும். இழுது பளிங்காகாத நிலை, மணி பளிங்கு. இரண்டாம் முறை கல்சியக் கரைசலில் ஆறைதரேற்று மக்னீசியம் குளோரைட்டு 10.2 கிராமைச் சேர்த்துக் கலக்குங்கள். கடல்நீரில் உள்ள ஒன்றுக்கு ஐந்து விகிதம் இதுதான். இப்போது இழுது நெடுநேரம் இறங்காமல் நிற்கும். மக்னீசியம் குளோரைட்டு கிடைக்கவில்லை என்று எப்சம் உப்பைப் போடாதீர்கள். அதிலுள்ள சல்பேற்று கல்சியத்தோடு சேர்ந்து ஜிப்சமாகப் படிந்து முடிவைக் குழப்பிவிடும். காபனேற்றை முதலில் கல்சியக் கரைசலோடு கலந்துவிட்டுப் பிறகு மக்னீசியத்தைச் சேர்த்தாலும் பயனில்லை, அதற்குள் பளிங்கு தொடங்கியிருக்கும்.

கேள்வி: மகாவலி வெள்ளத்தின் வரலாறு முருகைக்கல்லில் பதிந்திருக்குமா?
(வாசகர், மூதூர்)

ஆற்று நீர் எட்டும் தூரத்தில் உயிரோடு இருந்த உருண்டைக் கல்லானால் பதிந்திருக்கும். ஆண்டுதோறும் அடர்ந்த படை ஒன்றும் ஐதான படை ஒன்றும் மரத்தின் வளையங்கள்போல் சேர்கின்றன. இது 1972இல் எக்ஸ் கதிர்ப் படங்களால் உறுதியானது. ஆற்றுச் சேற்றோடு வரும் பேரியம் அரகனைற்றில் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மண்ணின் சேதனப்பொருள் புற ஊதா ஒளியில் மிளிரும் கோடாகத் தெரியும். ஸ்ட்ரோந்தியத்துக்கும் கல்சியத்துக்கும் உள்ள விகிதம் நீரின் வெப்பநிலையைக் காட்டும்: குளிர்ந்த நீரில் ஸ்ட்ரோந்தியம் கூடும்.

கல்லை முழுவதும் பெயர்ப்பதில்லை. உச்சியிலிருந்து நேர்கீழாகக் குழாய்த் துளை இட்டு ஒரு தண்டை எடுத்து, துளையைச் சீமெந்தால் அடைத்துவிடுவார்கள், இழையம் அதன்மேல் மீண்டும் படரும். தண்டை 6, 7 மில்லிமீற்றர் தடிப்புப் பலகையாக அறுத்து எக்ஸ் கதிர் எடுப்பார்கள். ஆண்டுக்கு 12 மில்லிமீற்றர் வளர்ந்த கல்லில் மில்லிமீற்றருக்கு ஒரு மாதிரி சுரண்டினால் மாதம் மாதமாக வாசிக்கலாம். அறுப்பு வளர்ச்சி அச்சிலிருந்து சாய்ந்தால் படைகள் மங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும், ஆண்டுக் கணக்கும் பிழைக்கும். இறந்து நெடுநாள் கிடந்த கல்லும் உதவாது. அதன் துளைகளில் கடல்நீரிலிருந்து பிறகு படிந்த புது அரகனைற்று ஸ்ட்ரோந்திய விகிதத்தை உயர்த்தி, நீர் அன்று இருந்ததைவிடக் குளிர்ந்திருந்ததாகப் பொய் காட்டும். அதனால்தான் மாதிரி எடுக்குமுன் ஒரு சிறு துண்டை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்து, துளைகளுக்குள் ஊசி ஊசியாகப் புதுப் பளிங்கு முளைத்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள்.